மூன்றடித் தொட்டி

ராயக்கோட்டை ரோட்டில்
டயர் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
நவாஸ் பாயின் மீன் கடை.
ஒரே அளவில் இரண்டு தொட்டி காட்டினார்.
இது கண்ணாடி. இது அக்ரிலிக்.
இரண்டிலும் தண்ணீர் இல்லை.
இரண்டிலும் எங்கள் மூவர் முகமும்
பின்னால் போன ஓசூர் பஸ்ஸும் தெரிந்தன.

முனிரத்னம் அக்ரிலிக்கைத் தூக்கிப் பார்த்தான்,
ஒற்றைக் கையால்.
அவனுக்கு அதிலேயே மனசு முடிந்துவிட்டது.
ஆறு வருஷத்தில் நான்கு வாடகை வீடு,
இப்போது இருப்பது மாடி;
பீரோவை ஏற்றி இறக்கிய முதுகு அவனுடையது.
"கீழ விழுந்தாலும் உடையாது."
"விழுந்தா மீன் என்னப்பா பண்ணும்?" என்றாள் லோகிதா.
பாய் சிரித்துவிட்டுச் சொன்னார்:
"தொட்டிதான் லேசு.
நூத்தி முப்பது லிட்டர் தண்ணி
எதுல ஊத்தினாலும் நூத்தி முப்பது கிலோ."

எனக்கு ஐந்து மணி நினைவுக்கு வந்தது.
மலைக்கு அந்தப்புறம் குவாரியில் வெடி வைக்கும் நேரம்.
அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று விசாரிக்கும்.
ஜன்னல் கண்ணாடி ஒன்று
மூலைக்கு மூலை விட்டிருக்கிறது;
செலோ டேப் ஒட்டி வைத்திருக்கிறோம்.
அப்போ அக்ரிலிக்தான் என்று
வாய் வரைக்கும் வந்தது.

"ஒரே குறை, கீறல் விழும்.
மணல் பட்டாலும் விழும், நார் போட்டுத் தேய்ச்சாலும் விழும்.
பயப்படாதீங்க, பாலிஷ் போட்டா போயிடும்.
நைஸ் பேப்பர் இருக்கு, கிரீம் இருக்கு,
பொறுமையா வட்டம் வட்டமா..."

நான் கையை நீட்டிக் காட்டினேன்.
பர்கூர் ரோட்டு கிரானைட் கம்பெனியில் பதினொரு வருஷம்.
ஐம்பதாம் நம்பரில் தொடங்கி
மூவாயிரம் வரைக்கும் வட்டம் வட்டமாக,
யார் வீட்டுச் சமையல் மேடையிலோ
யார் முகமோ தெரிவதற்காக.
ரேகை பாதி போய்விட்டது.
ரேஷன் கடை மெஷின்
மூன்று தடவை என்னை யாரென்று கேட்கும்.
வீட்டுக்கு வந்தும் பாலிஷா, பாய்?

அப்புறம் எங்கள் தண்ணீர்.
குடிக்க ஒகேனக்கல். மீனுக்கு போர்தான்.
ஒரு வாரம் நின்றால் விளிம்பில் வெள்ளைக் கோடு,
பக்கெட்டில், குழாயில், வெந்நீர் அண்டாவில்.
பாலக்கோட்டுப் பக்கம் பிறந்த என் பல்லில்
பழுப்புக் கோடு.
போட்டோ எடுத்தால் உதடு தானாக மூடும்.
ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தபோது
எனக்குப் பல் முளைத்து முடிந்திருந்தது.
லோகிதா எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள்.

"அந்தக் கோட்டைச் சுரண்ட பிளேடு வைக்கலாமா?"
"அக்ரிலிக்ல வைக்கவே கூடாதும்மா.
கண்ணாடில தாராளமா."

எட்டு எம்.எம். கண்ணாடி,
மூலைகளில் கறுப்பு சிலிக்கான்.
ஆட்டோவில் எங்கள் இருவர் மடியிலும்
குறுக்காகக் கிடந்தது.
ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முனிரத்னம்
டிரைவரைக் கெஞ்சினான்,
பிரசவ வார்டிலிருந்து வந்த அன்றைக்குப் போல.

அடியில் தெர்மாகோல். அதற்கும் அடியில்
கம்பெனியில் கழித்துப் போட்ட கறுப்புக் கல்.
கழித்ததற்குக் காரணமான கீறல் என்னுடையது.
சம்பளத்தில் முந்நூறு பிடித்தார்கள்,
கல்லை எடுத்துப் போகச் சொன்னார்கள்.

நேற்று, ஐந்து மணி.
சங்கு ஊதியதும்
ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்தேன்.
அடுப்படியிலிருந்து ஓடிவந்து
மாவுக் கையோடு அவன் மறுபக்கம் வைத்தான்.
கை வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை,
இரண்டு பேருக்கும் தெரியும்.

வெடி.

தண்ணீரின் மேலே மெல்லிய வட்டங்கள்.
மோலி ஒன்று சட்டென்று நின்றது;
பிறகு என் கைக்கும் அவன் கைக்கும் நடுவே
தன் வேலையைப் பார்க்கப் போனது.

லோகிதா எண்ணினாள்: ஏழு.
நம்பாமல்
இன்னொரு தரம் எண்ணினாள்.